வீட்டை அடமானம் வைக்காதீர்கள்

"ரெண்டு மார்க்ல டாக்டர் சீட் போயிடுச்சு சார். வீட்டை அடமானம் வெச்சு வாங்கிடலாம்னு அவ பெரியப்பா சொல்றார்" என்றார் அந்தத் தாய். மகள் தரையைப் பார்த்தபடி இருந்தாள்.

அம்மா, ஆறுதல் சொல்லத்தான் வாயெடுத்தேன். அடமானம் என்றதும் அந்த எண்ணம் போய்விட்டது. வாங்கக் கூடாது. கடனைக் கட்டப்போவது பெரியப்பா இல்லை, படிக்கப்போவதும் அவர் இல்லை.

நர்சிங், பார்மசி பற்றி ஊரே சொல்லும், விடுங்கள். பள்ளியில் நேரம் போனதே தெரியாமல் எதைச் செய்தாய் என்று மகளைத் தனியாகக் கேட்டேன். "பிளேட்ல பாக்டீரியா வளர்த்தது" என்றாள். அதனால்தான் நுண்ணுயிரியல் என்கிறேன். அதிலும் பலர் எட்டிப் பார்க்காத ஒரு மூலை உண்டு.

செடிக்கு நோய் தராமல் அதன் வேர், தண்டு, இலைக்குள்ளேயே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. எண்டோஃபைட் என்பார்கள். அவற்றில் சில, பிற கிருமிகளைக் கொல்லும் பொருள்களைச் சுரக்கின்றன. ஆஸ்திரேலியப் பழங்குடியினர் காயத்துக்கு மருந்தாக்கிய ஒரு கொடிக்குள் இருந்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியாவில் முனும்பிசின்கள் என்ற ஆன்டிபயாடிக்குகள் கிடைத்த செய்தி 2002-ல் வந்தது. 1943-ல் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தந்ததும் இதே பேரினம்தான்.

உள்ளே இருப்பதை மட்டும் பிடிக்க, முதலில் இலையை ஆல்கஹாலிலும் ஹைப்போகுளோரைட் என்ற பிளீச் கரைசலிலும் முக்கி, மேலே ஒட்டியிருப்பதைக் கொல்ல வேண்டும். கடைசியாக அலசிய தண்ணீரையும் ஒரு பிளேட்டில் விட்டுப் பார்ப்பார்கள். அதில் ஏதாவது முளைத்தால் மேலே இருந்தது சாகவில்லை, அன்றைய வேலை வீண். பிறகு இலையை நறுக்கி, பாக்டீரியா வளர்க்கும் அகார் என்ற கூழில் வைத்து, நாள்கணக்கில், சிலசமயம் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வளர்ந்ததை நோய்க்கிருமி பரப்பிய பிளேட்டில் வைத்தால், அதைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் விழ வேண்டும். விழுந்ததும் துள்ளாதே என்றேன் அவளிடம். பலமுறை அது ஏற்கெனவே தெரிந்த பொருளாகவே இருக்கும். புதிதுதானா என்று, மூலக்கூறின் எடையையும் அமைப்பையும் காட்டும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி, என்எம்ஆர் சோதனைகள் சொல்ல வேண்டும். புதிதானாலும் மனித செல்லையும் கொன்றால் மருந்தாகாது. இதைக் கேட்டுத்தான் முதல்முறையாக நிமிர்ந்தாள்.

மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் 2019-ல் மட்டும் உலகம் முழுவதும் நேரடியாக 12.7 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பீடு. ஆனாலும் லாபம் போதாதென்று பெரிய நிறுவனங்கள் பல ஆன்டிபயாடிக் ஆராய்ச்சியைக் கைவிட்டன. இதை மறைக்க மாட்டேன். ஆனால் இதே கைப்பழக்கம் மருந்துத் தரக்கட்டுப்பாட்டிலும், நொதித்தல் ஆலையிலும், பயிர்நோய்க்கான உயிரிமருந்துத் தயாரிப்பிலும் சோறு போடும்.

பிஎச்.டி. என்றால் உதவித்தொகையோடு மட்டும். கைக்காசு போட்டு வேண்டாம். கல்லூரியில் சேருமுன் ஆய்வகத்துக்குள் போய், இளநிலை மாணவர்கள் தாங்களே பிளேட்டில் அகார் ஊற்றுகிறார்களா என்று பாருங்கள்.

அடுத்த முறை பெரியப்பா வர வேண்டாம். மகள் வந்தால் போதும்.