காவி இருக்க ஊதா எதற்கு?

கேள்வி: எங்கள் வீட்டு முகப்பு 30 அடி அகலமும் 12 அடி உயரமும் கொண்டது. 15 ஆண்டுகளுக்கு முன் அதற்குச் சிமெண்ட் பூசினோம். திண்ணைச் சுவரும் இரண்டு தூண்களும் மாமனார் காலத்துச் சுண்ணாம்புப் பூச்சு. வைகாசியில் மகளுக்குத் திருமணம் என்பதால், கார்த்திகையிலேயே வேலையைத் தொடங்கிவிடலாமா என்று நினைக்கிறோம். கூலியும் சேர்த்து 15,000 ரூபாய்க்குள் முடிக்க வேண்டும். ஊதாவும் ஆரஞ்சும்தான் இப்போது எடுப்பு என்கிறார் பெயிண்டர். தாங்கள் என்ன சொல்கிறீர்கள்?
- ஒரு வாசகி, பள்ளத்தூர்

பதில்: நிறத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் விரல் முட்டியால் சுவரைத் தட்டிப் பாருங்கள். பொத்தென்று ஒலிக்கும் இடத்தில் பூச்சு உள்ளே விட்டுப்போயிருக்கும், அதைக் கொத்தி எடுத்துப் பூசாமல் மேலே எதை அடித்தாலும் வீண். தரையை ஒட்டி வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால், அதைக் காய்ந்த தூரிகையால் தேய்த்து எடுத்துவிட்டு, ஈரம் எங்கிருந்து ஏறுகிறது என்று கண்டுபிடித்துச் சரிசெய்யுங்கள். பணம் முதலில் போக வேண்டிய இடம் இதுதான்.

திண்ணைச் சுவரில் எமல்ஷன் பெயிண்ட் அடிக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வாங்கி வெளியே விடும் இயல்புடையது. எமல்ஷன் அதன்மேல் தோல்போல் படிந்து அந்த வழியை அடைத்துவிடுவதால், உள்ளே தங்கிய ஈரம் பெயிண்டையும் பூச்சின் மேல்பரப்பையும் சேர்த்துத் தள்ளிவிடும். என் வீட்டில் பிறர் சொல்லைக் கேட்டு அடித்தது, இரண்டாவது ஐப்பசி மழையில் வாழைப்பட்டைபோல் உரிந்து தொங்கியது. உங்கள் திண்ணைச் சுவருக்கு நன்றாக நீற்றிய சுண்ணாம்பைத் துணியில் வடிகட்டி, நீர்க்க நீர்க்க மூன்று முறை அடித்தால் போதும், செலவும் குறைவு. தூண்கள், சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த, கண்ணாடிபோல் மினுங்கும் முட்டைப் பூச்சாக இருந்தால், பெயிண்டும் வேண்டாம், சுண்ணாம்பும் வேண்டாம். வெறும் தண்ணீரில் நனைத்த மென்துணியால் துடைத்துவிடுங்கள். அதைவிட அழகான ஒன்றைக் கடையில் வாங்க முடியாது.

முகப்பின் 360 சதுர அடியில் கதவு, சன்னல்களுக்கு 60 கழித்தால் மிஞ்சுவது 300. வெளிச்சுவர் எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்குச் சுமார் 50 சதுர அடி பிடிக்கும் என்று கொண்டால், 6 லிட்டர் போதும், பிரைமர் தனி. வெளிச்சுவர் முழுவதும் பட்டி பூசி மட்டம் பார்க்க வேண்டியதில்லை, விரிசல்களை மட்டும் அடைத்தால் போதும்.

இனி நிறம். ஊதா, ஆரஞ்சு போன்ற அழுத்தமான ஷேடுகளுக்கு நிறக்கூழ் அதிகம் சேர்வதால் விலை கூடும், நம் ஊர் வெயிலில் பெரும்பாலும் அவைதான் முதலில் வெளிறும். காவியும் மஞ்சள் காவியும் இரும்புத் தாதிலிருந்து வரும் நிறங்கள் என்பதால் எளிதில் மங்குவதில்லை. ஆகவே சுவருக்கு வெளிர் சந்தனம், சன்ஷேடு விளிம்புக்கும் சன்னலைச் சுற்றிய பட்டைக்கும் வெள்ளை, தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்குக் காவி என்பது என் யோசனை. மழைத்தண்ணீர் தாழ்வாரத்திலிருந்து விழுந்து செம்மண்ணை வாரி அடிப்பது அந்த இரண்டடியில்தான் என்பதால், அங்கே காவி இருந்தால் கறை கண்ணில் படாது. தேக்குக் கதவோடும், திண்ணையில் ஆத்தங்குடிக் கல் பதித்திருந்தால் அதனோடும் இந்த மூன்றும் ஒத்துப்போகும். நான்காவதாக ஒரு நிறத்தைச் சேர்க்கப் பெயிண்டர் ஆசைப்படுவார், இடம் கொடுக்காதீர்கள்.

ஷேடு அட்டையில் விரலகலத்தில் சாந்தமாகத் தெரிவது, சுவர் முழுவதும் ஏறியதும் கண்ணைப் பறிக்கும். ஒரு லிட்டர் மட்டும் வாங்கி, வாசல் அருகே இரண்டடிக்கு இரண்டடி அடித்து, காலையிலும் உச்சியிலும் விளக்கு வைத்த பிறகும் பார்த்துவிட்டு மீதியை வாங்குங்கள்.

கார்த்திகை வேண்டாம். மழை முழுதாக விட்டுச் சுவர் காய்ந்த பின், மாசியில் தொடங்கினாலே வைகாசிக்குத் தாராளமாக நேரம் இருக்கிறது. வெயில் நேராக அடிக்கும் சுவரில் பெயிண்ட் சரியாகப் பிடிப்பதற்குள் காய்ந்துவிடும். கிழக்குச் சுவரைப் பிற்பகலிலும் மேற்குச் சுவரைக் காலையிலும் அடிக்கச் சொல்லுங்கள். அரை லிட்டர் சந்தன நிறத்தை மூடி இறுக்கி, ஷேடு எண்ணை டப்பாவின் மேல் எழுதி எடுத்து வையுங்கள். கல்யாணப் பந்தல் பிரிக்கும்போது கால்கள் உரசிய இடங்களைத் தொட்டுவிட அது தேவைப்படும்.