தேக்குத் தடி ஏற்றுமதித் தடை: உலக வர்த்தக விதி கைகொடுக்குமா?

கேள்வி: மோல்மீனில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு மர அறுவை மில் இருக்கிறது. வியாபாரத்தை நான் யாங்கூனிலிருந்து கவனிக்கிறேன். தூத்துக்குடி வியாபாரி ஒருவர் தேக்குத் தடிகளுக்கு (அறுக்காத முழு மரத்துக்கு) ஒப்பந்தம் போட்டு முன்பணமும் அனுப்பிவிட்டார். தடி அனுப்பத் தடை இருக்கிறதே என்றால், "அந்தத் தடையே உலக வர்த்தக விதிக்கு விரோதம், செல்லாது, தைரியமாக ஏற்றுங்கள்" என்கிறார். ஏற்றலாமா ஐயா?

பதில்: ஏற்றாதீர்கள்.

அவர் சொல்வதில் விஷயம் இல்லாமல் இல்லை. உலக வர்த்தக அமைப்பின் அடிப்படை ஒப்பந்தமான காட் (GATT) ஒப்பந்தத்தின் 11-ஆம் பிரிவு, ஏற்றுமதிக்கு வரி போடலாம், தடை போடக்கூடாது என்கிறது. மியன்மாரும் இந்தியாவும் 1995 முதலே உலக வர்த்தக அமைப்பில் இருக்கின்றன. ஆனால் 20-ஆம் பிரிவு விலக்கு தருகிறது: தீர்ந்துபோகும் இயற்கை வளத்தைக் காக்கத் தடை போடலாம், உள்நாட்டிலும் அதே வளத்துக்குக் கட்டுப்பாடு இருந்தால். அரிய மண் தனிமங்கள் வழக்கில் 2014-இல் சீனா இந்த விலக்கைக் கேட்டுத் தோற்றது. வளம் எங்களுடையது என்பதோ, உள்ளூர் ஆலைகளுக்கு மூலப்பொருள் வேண்டும் என்பதோ போதாது. மியன்மாரின் தடி ஏற்றுமதித் தடை 2014 ஏப்ரல் 1-இல் வந்தது. 2016-இல் நாடு முழுக்க ஓராண்டும் பகோ யோமா மலைக்காடுகளில் பத்தாண்டும் மரம் வெட்டுவதையே நிறுத்துவதாக அரசு அறிவித்தது. அது தடைக்கு ஓரளவு பலம் சேர்க்கிறது. வழக்கு வந்தால் யார் ஜெயிப்பார் என்று அடித்துச் சொல்ல முடியாது.

சரி, அந்த வழக்கை யார் போடுவது? நீங்களும் முடியாது, அவரும் முடியாது; ஓர் அரசு இன்னோர் அரசின்மேல் போட வேண்டும். உதாரணமாக, இந்தோனேசியாவின் நிக்கல் தாது ஏற்றுமதித் தடைக்கு எதிராக ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் ஜெயித்தது. இந்தோனேசியா மேல்முறையீடு செய்தது. அதை விசாரிக்க வேண்டிய அமர்வோ 2019 டிசம்பரிலிருந்தே முடங்கிக் கிடக்கிறது. அதுவரை துறைமுகத்தில் சுங்க அதிகாரி பார்ப்பது மியன்மார் சட்டத்தை மட்டும்தான். சரக்கு பறிபோகும், கேஸும் உங்கள்மேல்தான் விழும். தூத்துக்குடிக்காரருக்கு நஷ்டம் பணத்தோடு போய்விடும்.

இனி உங்கள் ஒப்பந்தம். இரு நாட்டிலும் அடிப்படை 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம்தான். அதன் 23-ஆம் பிரிவின்படி, சட்டம் தடுப்பதைச் செய்ய ஒப்புக்கொண்டால் அது செல்லாது. தடை தெரிந்தே கையெழுத்திட்டதால், முன்பணத்தைக் கோர்ட் மூலம் திரும்ப வாங்குவது அவருக்குக் கடினம். அதற்காக நீங்கள் வைத்துக்கொள்ள நினைக்காதீர்கள். மரத்தொழிலில் பேர் கெட்டால் அப்புறம் யாரும் கடன் சரக்கு தரமாட்டார்கள். அறுத்த மரமாக அனுப்ப அவர் சம்மதித்தால் புது ஒப்பந்தம் எழுதுங்கள். எந்த அளவு வரை அறுத்தால் அனுமதி என்பதை வனத்துறையிடம் எழுத்தில் வாங்குங்கள். தடியின் இரு பக்கத்தைச் சீவிவிட்டு அறுத்த மரம் என்று காட்டச் சொல்வோர் பேச்சைக் கேட்காதீர்கள்.

இன்னொன்று. மரம் அரசின் மியன்மா மர நிறுவனம் வழியாக வந்ததா? 2021-இல் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் அதன்மேல் பொருளாதாரத் தடை போட்டன. பணம் டாலரில் வந்தால் இடையில் அமெரிக்க வங்கியில் முடங்கலாம். வேறு நாணயத்தில் வாங்க முடியுமா என்று உங்கள் வங்கியிடம் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகே விலை பேசுங்கள்.