கெட்டி லென்ஸில் படியும் புரதம்: கேள்வி பதில்

கேள்வி: ஆர்ஜிபி லென்ஸை, அதாவது காற்று ஊடுருவும் கெட்டி கான்டாக்ட் லென்ஸை, தினமும் சொல்யூஷனில் ஊறவைக்கிறேன். இருந்தும் சாயங்காலமானால் பார்வை மங்குகிறது. ஏன்?

பதில்: ஊறவைத்தால் கிருமி சாகும், படிந்தது பெயராது. கண்ணீரில் லைசோசைம் மாதிரியான புரதங்கள் எப்போதும் உண்டு. அவை லென்ஸில் ஒட்டி, நாள்பட உருக்குலைந்து இறுகிவிடும். லென்ஸின் ஈரத்தை ஒற்றியெடுத்துவிட்டு விளக்குக்கு நேரே சாய்த்துப் பாருங்கள். சாம்பல் பூத்தாற்போல ஒரு படலம் தெரிந்தால் அதுதான். ஈரத்தோடு பார்த்தால் கண்ணுக்குப் பிடிபடாது.

இதற்கு மருந்து தேய்ப்புதான். இரவு கழற்றிய கையோடு செய்யுங்கள், காய்ந்துவிட்டால் கஷ்டம். கையைக் கழுவித் துடைத்து, லென்ஸைக் கிண்ணம் போல உள்ளங்கையில் வைத்து, சில சொட்டு கிளீனர் விட்டு, விரல் நுனியால் ஒரு 20 விநாடி மெதுவாகத் தேயுங்கள். உள்குழிவை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள், அங்கேயும் விரல் போகட்டும். இரண்டு விரலுக்கு நடுவே பிடித்து நசுக்க வேண்டாம், லென்ஸ் வளைந்துவிடும். அப்புறம் சலைனில் (லென்ஸுக்கான கிருமி நீக்கிய உப்புக் கரைசல்) நன்றாக அலசிவிட்டு ஊறவையுங்கள்.

கேள்வி: லென்ஸ் ஊறும் திரவத்தில் என்சைம் மாத்திரை போட்டால் தேய்க்காமல் விடலாமா?

பதில்: கூடாது. பப்பாளிப் பாலிலிருந்து வரும் பப்பேன், பாக்டீரியாவிலிருந்து வரும் சப்டிலிசின் போன்றவை புரதச் சங்கிலியைத் துண்டாக்கும். துண்டானதை அகற்ற விரல் வேண்டும். கிருமியையும் அவை கொல்லாது.

கேள்வி: புரதத்தை நீக்க ப்ரோஜென்ட் என்று இரண்டு திரவம் கலக்கிறார்களே, அது பாதுகாப்பானதா?

பதில்: நல்ல பொருள்தான், ஆனால் வீரியமானது. ஒன்றில் சோடியம் ஹைப்போகுளோரைட், மற்றதில் பொட்டாசியம் புரோமைடு. இரண்டையும் கலந்து லென்ஸை 30 நிமிடம் ஊறவையுங்கள், அதற்கு மேல் வேண்டாம். பிறகு கிளீனர் போட்டுத் தேய்த்து, அலசி, வழக்கமான சொல்யூஷனில் ஊறவைத்த பிறகே கண்ணில் வையுங்கள். ஹைட்ரா-பெக் என்ற, ஈரம் காக்கும் பூச்சு உள்ள லென்ஸுக்கு இது ஆகாது, நுண்துகள் கலந்த கிளீனரும் ஆகாது. பூச்சு உண்டா என்று லென்ஸ் பொருத்தியவரிடம் முதலில் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: குழாய்த் தண்ணீரில் அலசலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். அதில் அகந்தமீபா என்ற ஒற்றைச்செல் உயிரி இருக்கலாம், கருவிழியைப் பிடித்தால் பார்வையே போகக்கூடும்.

கேள்வி: எவ்வளவு சுத்தம் செய்தாலும் அரிப்பு, பீளை. லென்ஸ் மேலே மேலே இழுத்துக்கொள்கிறது.

பதில்: இனி கிளீனரை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். படிவு உரசி உரசி மேல் இமையின் உட்புறத்தில் சிறு முடிச்சுகள் கிளம்பியிருக்கலாம். லென்ஸ் போடுவதை நிறுத்திவிட்டு, இமையைப் புரட்டிப் பார்க்கிற கண் மருத்துவரிடம் போங்கள். லென்ஸையும் டப்பாவோடு எடுத்துப் போங்கள், அதையும் அவர் பார்க்க வேண்டும்.