பல்கனியில் பே இலைக் கன்று

இந்த முறை வந்த கடிதங்களில் மூன்று ஒரே இலையைப் பற்றியவை, சமையலில் வாசத்துக்குப் போடும் பே இலை (bay leaf). மிளகாய்க் கன்று, தக்காளி பற்றிக் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு அடுத்த இதழில்.

கேள்வி: ஐயா, மகள் ஒரு பே இலைக் கன்றைப் பெரிய பூச்சாடியோடு வாங்கித் தந்தாள். நாங்கள் இருப்பது தொடர்மாடி, பல்கனி மேற்குப் பக்கம். முதலில் வடிவாகத்தான் நின்றது. மழை தொடங்கியதும் கீழ் இலைகள் மஞ்சளாகி விழுகின்றன. காலையும் மாலையும் தவறாமல் தண்ணீர் விடுகிறேன். உரம் போதவில்லையோ? (வெள்ளவத்தை வாசகி)

பதில்: உரத்தை இப்போதைக்கு மறந்துவிடுங்கள், பிரச்சினை தண்ணீர். இந்த மரம் மத்தியதரைக் கடலோரத்துக்காரன். அங்கே கோடையில் மழை என்பதே அபூர்வம், ஏதென்ஸில் வருடம் முழுக்கப் பெய்வதைச் சேர்த்தாலும் 400 மில்லிமீற்றர் அளவுதான், கொழும்பிலோ 2,400க்குக் கிட்டப் பெய்கிறது, அதற்கு மேல் நீங்களும் இரண்டு நேரமும் வாளியோடு போய் நின்றால் வேர் மூச்சுவிட முடியாமல் அழுகத்தான் செய்யும். பெரிய சாடியும் இதற்கு உதவியில்லை. சின்னக் கன்றைப் பெரிய சாடியில் வைத்தால், வேர் போய்ச் சேராத மண் நாட்கணக்கில் ஈரமாகவே கிடக்கும்.

கன்றை மெல்லக் கழற்றி வேரைப் பாருங்கள். வெள்ளையாக, உறுதியாக இருந்தால் பயமில்லை. மண்ணிறமாகி, தொட்டால் நசிந்து, மணக்கவும் செய்தால் அந்தப் பகுதியைச் சுத்தமான கத்தரிக்கோலால் வெட்டிவிட்டு, வேர்க்கட்டியைவிட இரண்டு விரல் மட்டுமே அகலம் கூடிய மண்சாடிக்கு மாற்றுங்கள். எந்தக் கன்றானாலும் தும்புத்தூளை அள்ளிப் போடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது, இதற்கு அது சரிவராது, தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தோட்ட மண், பருமணல், நன்றாக உக்கிய கூட்டெரு மூன்றையும் சம அளவில் கலந்தால் போதும்.

பிறகு விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். மேலே ஓர் அங்குலம் காய்ந்திருந்தால் அடித்துளையால் ஒழுகும்வரை ஊற்றுங்கள், காயாவிட்டால் பேசாமல் திரும்பி வாருங்கள். ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை பிடித்து, சாரல் பல்கனிக்குள்ளும் அடிக்கும் நாட்களில் ஊற்றவே தேவைப்படாது. சாடியைச் செங்கல் வைத்துத் தூக்குங்கள். கீழே தட்டு இருந்தால் எடுத்துவிடுங்கள், தேங்கிய தண்ணீர் வேருக்கும் கேடு, டெங்கு நுளம்புக்கும் அதுதான் வீடு, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து எட்டிப் பார்த்தால் மகள் தந்த பரிசு உங்களை நீதிமன்றம் வரைக்கும் கூட்டிக்கொண்டு போகும்!

மேற்கு வெயிலில் சுவரும் தரையும் சேர்ந்து சுடும். காலை வெயில் படும் யன்னலோரம் இருந்தால் அங்கே மாற்றுங்கள், இல்லையென்றால் பின்னேரத்துக்கு ஒரு நிழல் வலை கட்டுங்கள். ஏசியின் வெளிப்பெட்டி சூட்டுக் காற்றை ஊதும் பக்கம் மட்டும் வேண்டாம். விழுந்த இலைகளுக்குப் பதில் புதுத் தளிர் வர மாதக்கணக்காகலாம், இது ஆறுதலாக வளரும் மரம், அதற்காக மறுபடி வாளியைத் தூக்காதீர்கள்.

கேள்வி: நான் வாங்கிய கன்றின் இலை, கடையில் புரியாணிக்கு வாங்கும் இலை மாதிரி இல்லை. ஏமாந்துவிட்டேனா? (கொட்டாஞ்சேனை வாசகர்)

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. புரியாணி இலை என்று பக்கெட்டில் வருவது பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வரும் வேறொரு மரத்தின் இலை, நம்முடைய கறுவாவுக்கு நெருங்கிய சொந்தம். அதில் அடியிலிருந்து நுனி நோக்கி மூன்று நரம்பு நீளமாக ஓடும். பே இலையில் நடுவே ஒரே நரம்பு, அதிலிருந்து இரண்டு பக்கமும் சின்ன நரம்புகள் பிரியும். மூன்று நரம்பும் இருந்து, கசக்கினால் கராம்பு வாசமும் அடித்தால் உங்களிடம் இருப்பது கறுவாக் கன்றாக இருக்கலாம், அதுவும் நட்டமில்லை. என்னைக் கேட்டால், புரியாணிக்காக மட்டும் என்றால் ரம்பையும் கறுவாப்பட்டையுமே போதும். பே இலை சூப்புக்கும், மெல்லிய நெருப்பில் நெடுநேரம் வேகும் இறைச்சிக்கும்தான் பொருத்தம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். அலரியின் இலையும் தடித்து, கரும்பச்சையாக, பார்வைக்குக் கொஞ்சம் இதுபோல இருக்கும், அதன் எல்லாப் பாகமும் நஞ்சு. அலரியில் ஒரே கணுவில் பெரும்பாலும் மூன்று இலை சேர்ந்து வரும், பே இலை ஒன்றுவிட்டு ஒன்றாக வரும். கன்று என்னவென்று நிச்சயமாகத் தெரியாமல், விற்றவர் சொன்னார் என்பதற்காக ஓர் இலையைக்கூடச் சட்டிக்குள் போடாதீர்கள்.

கேள்வி: இலையை எப்போது பறிக்கலாம், எப்படிக் காயவைப்பது? தண்டில் எறும்பும் ஏறுகிறது. (தெஹிவளை வாசகி)

பதில்: தளிரில் வாசம் குறைவு, முற்றிய கரும்பச்சை இலைதான் வேண்டும். கன்று சின்னதென்றால் ஒரு வருடமாவது விட்டுப் பிடியுங்கள். பச்சையாகப் போட்டால் லேசாகக் கசக்கும், சில நாள் வாடவிட்டுப் பாவித்தால் கசப்புக் குறையும். நம்முடைய ஈரக்காற்றில் வெளியே வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், ஆகவே கழுவித் துடைத்து, பேப்பரில் பரப்பி, வீட்டுக்குள் மின்விசிறிக்குக் கீழே வைத்து, நொருங்கும் பதம் வந்ததும் இறுக்கமான மூடி போட்ட போத்தலில் போடுங்கள். பொறுமையில்லாதவர்கள் பச்சை இலையைப் பையில் கட்டி ஃப்ரீஸரில் வைக்கலாம், நான் அதைத்தான் செய்கிறேன். ஒரு சட்டி சூப்புக்கு ஓரிரண்டு இலை தாராளம். எவ்வளவு வெந்தாலும் இலை மெதுவாகாது, தொண்டையில் சிக்கும், பரிமாற முன் எடுத்துவிடுங்கள். அரிசி வாளியில் போடலாமா என்றும் கேட்பீர்கள். போடலாம், ஆனால் ஏற்கனவே வண்டு பிடித்த அரிசிக்கு அது மருந்தில்லை.

எறும்பு சும்மா ஏறாது. இலையின் அடிப்பக்கத்தில் நடு நரம்பை ஒட்டி மண்ணிறச் செதில்கள் இருக்கின்றனவா பாருங்கள். அது செதில் பூச்சி. அது விடும் இனிப்புப் பசைக்குத்தான் எறும்பு வருகிறது, அதன்மேல் கருப்பாகப் பூஞ்சணமும் படியும். சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த பஞ்சால் ஒவ்வோர் இலையாகத் துடையுங்கள், கைவேலைதான், வேறு வழியில்லை. தண்டில் இருப்பதைப் பழைய பல்துலக்கியால் தேய்க்கலாம். அதற்கும் அடங்காவிட்டால் வேப்பெண்ணெயைக் கரைத்து வெயில் இறங்கிய பிறகு அடியுங்கள், அடித்த கையோடு சமையலுக்கு இலை பறிக்க வேண்டாம்.