பினாங்கிலிருந்து மரவள்ளிக்கிழங்கை ஏற்றுமதி செய்தால் இலாபம் கிடைக்குமா?

"கழுவிப் பெட்டியில் அடுக்கிக் கப்பலேற்றினால் போதும்தானே" என்று கேள்வியோடு நீங்கள் சேர்த்திருக்கும் அந்த வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். கெடாவிலோ செபராங் பிறையிலோ கொஞ்சம் நிலமும் கையில் சேமிப்பும் உள்ளவர் நீங்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் பெரிய ஏற்றுமதியாளன் அல்லன். பட்டர்வொர்த்தில் கிழங்கை உரித்து உறையவைக்கும் சிறு கூடத்தை அக்காவுடன் சேர்ந்து நடத்துகிறவன்.

மரவள்ளி பிடுங்கியவுடனேயே கெடத் தொடங்கிவிடுகிறது. பிடுங்கும்போது ஏற்படும் காயத்தின் வழியே காற்று புகுவதால், இரண்டு மூன்று நாள்களுக்குள் சதையில் நீலமும் கருமையும் கலந்த கோடுகள் ஓடிவிடும். தோலை மட்டும் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. கோஸ்டா ரிக்காவிலிருந்து அமெரிக்காவுக்குப் பச்சைக் கிழங்கே போகிறதே என்று சிலர் வாதிடக்கூடும். போகிறதுதான், ஆனால் அவர்கள் அதைப் பாரஃபின் மெழுகில் முக்கி எடுத்து அனுப்புகிறார்கள். அந்த வசதி எங்களிடம் இல்லாததால், உரித்துத் துண்டாக்கி மைனஸ் 18 பாகையில் உறையவைத்து அனுப்புகிறோம். தோலும் நுனியும் போக, வாங்கிய எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கழிந்துவிடும் என்பதையும் உங்கள் இலாபக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

லண்டனில் உள்ள இலங்கைத் தமிழர் கடைகளுக்கென்று கோலாலம்பூர்த் தரகர் ஒருவர் எங்களிடம் சரக்குக் கேட்டிருந்தார். கிழங்கு ஏற்றிய லோரி வழியில் பழுதாகி, மறுநாள்தான் வந்து சேர்ந்தது. அக்கா ஒவ்வொரு சாக்கிலிருந்தும் ஒரு கிழங்கை எடுத்து நடுவில் ஒடித்துப் பார்த்தார். வெள்ளைச் சதையின் ஓரத்தில், இளஞ்சிவப்பு உள்தோலை ஒட்டி, பேனா முனையால் குத்தியதுபோல் நீலப் புள்ளிகள் வளையமாகத் தெரிந்தன. "இத ஏத்தாத தம்பி" என்றார். "உறைஞ்ச பிறகு யாருக்குண்ணே தெரியப் போகுது?" என்றார் தரகர். வேகவைக்கும் வீட்டுக்காரருக்குத் தெரியும் என்று சொல்லி அந்த லோரி முழுவதையும் மறுத்துவிட்டோம். முந்தைய சரக்குக்குத் தரவேண்டிய பணத்தையும் அவர் இன்றுவரை தரவில்லை. தரகர்கள் எல்லாரும் இப்படித்தான் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் முன்பணம் வாங்காமல் எவருக்கும் சரக்கு கொடுக்காதீர்கள்.

இரகத்தைப் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. மாவு ஆலைகளுக்காக வளர்க்கப்படும் கசப்பு இரகங்களில் சயனைடு மிகுதி; உணவுக்கு உபி பூலுட், மேடான் போன்றவற்றையே தேடவேண்டும். கோடெக்ஸ் எனும் அனைத்துலக உணவுத் தரவரையறையின்படி, இனிப்பு மரவள்ளி என்று விற்கப்படுவதில் ஹைட்ரஜன் சயனைடு ஒரு கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்குக் குறைவாக இருக்கவேண்டும். வறுவலாக்கி ஆஸ்திரேலியாவுக்கு விற்க நினைத்தால் அங்கே உச்சவரம்பு 10 மில்லிகிராம்தான். ஆய்வகச் செலவை வீண் என்று நினைப்பவர்கள் இதில் இறங்காமலிருப்பதே நல்லது.

சரக்கில் பூச்சியோ நோயோ இல்லை என்று காட்டும் தாவர நலச் சான்றிதழுக்கு அலைவதற்கு முன்பு, இறக்குமதி செய்யும் நாடு எந்த வடிவில் கிழங்கை ஏற்கிறது என்பதை வாங்குபவரிடம் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். அதன் பிறகு, தோட்டத்துக்கும் குளிர்கிடங்குக்கும் இடையே லோரி ஓடும் நேரத்தை நீங்களே ஒருமுறை உடன்சென்று பாருங்கள். அது ஒரு நாளைத் தாண்டினால், சிங்கப்பூருக்குக்கூட நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.