கண்டல் பற்றைகளை வெட்டினால் என்ன?

யாழ்ப்பாணத்தை அடுத்த மண்டைதீவுக் கரையில், உப்புநீர்ச் சேற்றில் நிற்கும் கண்டல் மரங்களால் யாருக்குப் பயன், வெட்டித் துப்புரவாக்கினால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதற்பயன் கடற்றொழிலாளருக்கு. இறால் முட்டையிடுவது கடலில். குஞ்சுகள் நீரோட்டத்தோடு கடனீரேரிக்குள் வந்து, கண்டல் வேர்களுக்கிடையிலும் கடற்புற்களுக்குள்ளும் ஒளிந்து வளர்ந்த பிறகே கடலுக்குத் திரும்புகின்றன. பெரிய மீன் நுழைய முடியாத அந்த வேர்ப்பின்னல் போனால், விரித்த வலையில் அகப்படுவதும் குறையும்.

வற்று நேரத்தில் போய்ப் பாருங்கள். கண்டல் வகைகளில் ஒன்றான கண்ணா மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக வேர்கள் மேல்நோக்கி நிற்கும். காற்றில்லாச் சேற்றில் மரம் மூச்சுவிடுவது அவற்றால்தான். காணி நிரப்பவென்று அங்கே மண்ணைக் கொட்டி மூடினால், கோடரி படாமலே மரம் பட்டுப்போகும். எனக்கு இதுவே பெரிய கவலை. வெட்டினால் ஊர் கேட்கும், மண் போட்டால் யாரும் கேட்பதில்லை.

பறவைகளும் உண்டு. 1938இல் பறவைகள் சரணாலயமான, வடக்கிலுள்ள சுண்டிக்குளம் 2015இல் தேசியப் பூங்காவானது, நல்லதுதான். ஆனால் மாரியில் வரும் வலசைப் பறவைகள் அந்த எல்லைக்குள் மட்டுமா இரை தேடுகின்றன?

“பிறகு நட்டுக்கொள்ளலாமே” என்பார்கள். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கைக் கரைகளில் நட்ட கன்றுகளில் பெரும்பாலானவை பிழைக்கவில்லை. பொருந்தாத இடத்தில் நட்டது முக்கிய காரணம். இருக்கிறதை விடுங்கள், வெட்டாதீர்கள்.