டிக்கெட் போட்ட பிறகு விமான நேரத்தை மாற்றிவிட்டார்கள். "ஏற்கிறேன்" பொத்தானை அழுத்தலாமா?

கேள்வி: திருச்சி–சிங்கப்பூர் டிக்கெட் 3 மாதம் முன்பே போட்டுவிட்டேன். விமானம் இரண்டரை மணி நேரம் முன்னதாகவே கிளம்பும் என்று இப்போது மெயில் வந்திருக்கிறது. கீழே "ஏற்கிறேன்" என்று ஒரு பொத்தான். அழுத்தவா, வேண்டாமா? அழுத்தாவிட்டால் டிக்கெட் போய்விடுமா?

பதில்:

இன்றைக்கு அழுத்த வேண்டாம். அதை அழுத்தும்வரைதான் பேச்சு உங்கள் பக்கம் இருக்கிறது. மாற்றியது அவர்கள், அதனால் வேறு நாள் கேட்கலாம், வேறு விமானம் கேட்கலாம், பல சமயம் பணத்தையே திருப்பிக் கேட்கலாம். அழுத்திவிட்டால் புது நேரத்துக்கு நீங்களே சம்மதித்ததாகக் கணக்கு. அதற்குப் பிறகு மாற்றக் கேட்டால் மாற்றுக் கட்டணம், விலை வித்தியாசம் எல்லாம் உங்கள் தலையில் விழும்.

எனக்கு இது தெரிந்தது அம்மாவின் டிக்கெட்டில்தான்.

அம்மாவுக்கு 68 வயது, மதுரை. டாலஸில் தங்கைக்குப் பிரசவம். ஜூன் மாதப் பயணத்துக்கு ஜனவரியிலேயே மதுரையில் எங்கள் வீட்டுக்குப் பழக்கமான ஏஜென்ட் அண்ணனிடம் டிக்கெட் எடுத்தேன். சென்னையில் விடிகாலை 4 மணிக்கு ஏறி, ஒரு வளைகுடா நகரில் இறங்கி, இரண்டே முக்கால் மணி நேரம் காத்திருந்து டாலஸ் விமானம். முழங்கால் வலி, வீல்சேர், ஆங்கிலம் அரைகுறை. இதையெல்லாம் யோசித்துத்தான் அந்த இடைவெளியைத் தேர்ந்தெடுத்திருந்தேன்.

மார்ச் கடைசியில் ஒரு நாள் சும்மா பொழுதுபோகாமல் விமான நிறுவனத்தின் தளத்தில் பிஎன்ஆரைப் போட்டுப் பார்த்தேன். சென்னை விமானம் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் தள்ளிப் போயிருந்தது. அது போய்ச் சேருவதற்குள் டாலஸ் விமானம் கிளம்பிவிடும். ஆகவே கணினியே பெருந்தன்மையாக அம்மாவை மறுநாள் டாலஸ் விமானத்தில் ஏற்றி வைத்திருந்தது. நடுவில் ஏறக்குறைய 24 மணி நேரம் விமான நிலையத்தில். எனக்கு ஒரு மெயில் கிடையாது, குறுஞ்செய்தி கிடையாது.

ஏன் வரவில்லை என்றால், டிக்கெட் போடும்போது அண்ணன் தன் கடை மெயிலையும் தன் போன் நம்பரையும் கொடுத்திருக்கிறார். நிறைய ஏஜென்டுகள் அப்படித்தான் செய்கிறார்கள். அந்த மெயிலுக்குத் தினம் நூறு வரும். போன் போட்டேன்.

"தம்பி, அது தன்னால ஓகே ஆயிரும். நீங்க ஒண்ணும் பண்ண வேணாம்."

"அண்ணே, தன்னால ஓகே ஆனா அம்மா ஒரு பகல் ஒரு ராத்திரி அங்க நாற்காலியில உக்காந்திருக்கணும்."

அதற்கப்புறம்தான் திரையைத் திறந்து பார்த்தார். "ஆமா, டிகே வந்து கியூல கிடக்கு" என்றார். இந்தச் சங்கேதத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. ஏஜென்டின் திரையில் உறுதியான சீட்டுக்கு 'எச்கே' என்று இருக்கும். விமான நிறுவனம் மாற்றினால் பழைய விமானம் 'யுஎன்' ஆகிவிடும், அதாவது அது இனி கிடையாது. புதிய விமானம் 'டிகே' என்று வரும், அதாவது நேரம் மாற்றி வைத்திருக்கிறோம், ஒத்துக்கொள்கிறாயா என்று அர்த்தம். ஏஜென்ட் ஒரு பொத்தானைத் தட்டினால் அது மறுபடி எச்கே. உங்களிடம் கேட்காமலே உங்கள் சார்பில் அவர் சம்மதம் சொல்லிவிட முடியும். நல்லவேளை, அண்ணன் சோம்பலில் தட்டாமல் விட்டிருந்தார். அவருடைய சோம்பலுக்கு இன்றும் நன்றி.

விமான நிறுவனத்தின் கஸ்டமர் கேருக்குப் பேசினேன். 40 நிமிடம் இசை. பிறகு, "ஏஜென்ட் மூலம் எடுத்த டிக்கெட், அவரிடமே கேளுங்கள்." ஏஜென்டிடம் கேட்டால், "ஏர்லைன்ஸ்தான் சொல்லணும்." இந்தக் கால்பந்தில் ஒரு நாள் போனது. மறுநாள்தான் எனக்குப் புத்தி வந்தது. "ஏதாவது பண்ணுங்க" என்று கேட்டால் யாரும் எதுவும் பண்ண மாட்டார்கள். என்ன வேண்டும் என்று விமான எண்ணோடு சொல்ல வேண்டும்.

அதே நிறுவனத்தின் தளத்தில், புதிதாக டிக்கெட் வாங்குகிறவன் போலத் தேடினேன். முந்தின நாள் இரவு 9.40க்குச் சென்னையிலிருந்து ஒரு விமானம், அங்கிருந்து நள்ளிரவு தாண்டி இரண்டேகாலுக்கு இன்னொரு டாலஸ் விமானம். இடைவெளி இரண்டரை மணி நேரம் சொச்சம். இரண்டிலும் சீட் இருந்தது. இரண்டு விமான எண்ணையும் தேதியையும் எழுதி அண்ணனுக்கு வாட்ஸாப்பில் அனுப்பினேன். "கனெக்‌ஷன் உடைஞ்சிருச்சு, ஷெட்யூல் சேஞ்ச்னு போட்டு இதுக்கு மாத்திக் குடுங்கண்ணே." பத்தே நிமிடம். ஒரு ரூபாய் கூடுதல் இல்லை.

பணமாகத் திருப்பிக் கேட்டிருக்கலாமே என்று தோன்றும். கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். அமெரிக்காவுக்கு வரும், அமெரிக்காவிலிருந்து கிளம்பும் விமானங்களுக்கு அந்நாட்டுப் போக்குவரத்துத் துறை 2024இல் கொண்டுவந்த விதி உண்டு. வெளிநாட்டுப் பயணத்தில் 6 மணி நேரம் அல்லது அதற்கு மேல் முன்னதாகக் கிளம்பினாலோ தாமதமாகப் போய்ச் சேர்ந்தாலோ, இறங்கி ஏறும் இடங்கள் கூடினாலோ, ஏறும் இறங்கும் விமான நிலையம் மாறினாலோ, பயணி அந்த மாற்றத்தை ஏற்கவில்லை என்றால் முழுப் பணமும் திருப்பித் தர வேண்டும். பணம் திரும்பக் கிடைக்காத டிக்கெட் என்று போட்டிருந்தாலும் சரி. "ஏற்கவில்லை என்றால்" என்பதைக் கவனியுங்கள். எங்களுடையது ஒரு நாள் தாமதம், சந்தேகமே இல்லாமல் அதில் அடங்கும்.

ஆனால் ஜனவரியில் நான் போட்டது 1,05,000 ரூபாய். மார்ச்சில் அதே பயணம் 1,60,000க்கு மேல் காட்டியது. பணத்தை வாங்கிவிட்டால் புது டிக்கெட்டை இன்றைய விலைக்குத்தான் வாங்க வேண்டும். பழைய விலையில் பிடித்த சீட்டை உங்களுக்குத் தோதான விமானத்துக்கு நகர்த்திக்கொள்வதுதான் பெரும்பாலும் லாபம். விலை இறங்கியிருந்தால் மட்டும் கதை வேறு. அப்போது நேரமாற்ற மெயில் வீடு தேடி வந்த அதிர்ஷ்டம். வாங்கிக்கொண்டு மலிவாக மறுபடி போடுங்கள்.

மாற்றிய பிறகும் கதை முடியவில்லை. பிஎன்ஆரில் புது விமானங்கள் தெரிந்தன, நான் நிம்மதியாகிவிட்டேன். ஒரு வாரம் கழித்து சீட் தேர்ந்தெடுக்கப் போனால் தளம் விடவில்லை. பிறகுதான் புரிந்தது: முன்பதிவு வேறு, டிக்கெட் வேறு. முன்பதிவை மாற்றியவர், டிக்கெட்டை மறுபடி வெளியிடவில்லை. கடைக்காரர்கள் 'ரீஇஷ்யூ' என்பார்கள். இது நடக்காவிட்டால் உங்கள் டிக்கெட் இன்னும் பழைய விமானத்தின் பெயரில்தான் இருக்கும். கவுன்டரில் நிற்கும்போது அந்தப் பெண் திரையைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்குவார், உங்களுக்கு வியர்க்கும். ஆகவே மாற்றம் முடிந்ததும் புதிய இ-டிக்கெட்டை அனுப்பச் சொல்லி, அதில் புது விமான எண்ணும் தேதியும் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். வீல்சேர், சைவச் சாப்பாடு, காசு கொடுத்து எடுத்த சீட் ஆகியவையும் பழைய விமானத்தோடு போயிருக்கலாம். அம்மாவுக்கு வீல்சேர் காணாமல் போயிருந்தது. திரும்பக் கேட்டுப் போட்டோம்.

இதில் எனக்கு நிஜமான நஷ்டம் எங்கே என்றால், மதுரை–சென்னை டிக்கெட்டில். அதைத் தனியாக, வேறொரு நிறுவனத்தில், மலிவாக இருக்கிறதே என்று எடுத்திருந்தேன். இரவு எட்டரைக்குச் சென்னையில் இறங்கும் விமானம். விடிகாலை 4 மணி விமானத்துக்கு அது கச்சிதம், முந்தின இரவு 9.40க்கு உதவாது. வெளிநாட்டு விமானம் மாறியதற்கு உள்நாட்டு நிறுவனம் என்ன செய்யும்? ரத்துக் கட்டணம் போகக் கையில் வந்ததில் அம்மாவுக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்கினோம். ஒரே டிக்கெட்டில் இரண்டும் இருந்திருந்தால் அதையும் அவர்களே மாற்றித் தந்திருக்க வேண்டும். கடைசியில் அம்மா முதல் நாள் ராத்திரி பாண்டியனில் ஏறி விடிகாலை எழும்பூரில் இறங்கி, பகல் முழுக்க என் வீட்டில் தூங்கிவிட்டு விமானம் ஏறினார்.

ஏன் இப்படி மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள் என்று கோபம் வரும். விமான அட்டவணை வருடத்துக்கு இரண்டு பருவம். மார்ச் கடைசி ஞாயிறு கோடை அட்டவணை தொடங்கும், அக்டோபர் கடைசி ஞாயிறு குளிர்கால அட்டவணை. டிக்கெட்டையோ ஏறக்குறைய 11 மாதம் முன்பே விற்கத் தொடங்கிவிடுகிறார்கள். அப்போது அவர்களிடம் இருப்பது போன வருட அட்டவணையின் நகல்தான். நெரிசலான விமான நிலையங்களில் எந்த நிமிடத்தில் இறங்கலாம், ஏறலாம் என்பது பிறகுதான் உறுதியாகும். எந்த விமானம் எந்தத் தடத்துக்கு என்பதும் அப்படியே. நடுவில் 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் வான்வெளி இந்திய விமானங்களுக்கு மூடப்பட்டது போல ஏதாவது நடந்தால் பயண நேரமே நீண்டுவிடும். ஆக, ரொம்ப முன்னால் போட்ட டிக்கெட் என்றால் ஒரு மாற்றமாவது வரும் என்று வைத்துக்கொள்வதே நல்லது. மேலே சொன்ன இரண்டு ஞாயிறுகளை ஒட்டி பிஎன்ஆரைத் திறந்து பாருங்கள். பயணத்துக்கு 15 நாள் முன்பும் ஒரு முறை.

அந்த 15 நாளுக்குக் காரணம் உண்டு. நம் நாட்டில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிப்படி, விமானத்தை ரத்து செய்தால் குறைந்தது இரண்டு வாரம் முன்பே சொல்லி, மாற்று விமானமோ பணமோ, பயணிக்கு எது வேண்டுமோ அதைத் தர வேண்டும். அப்படிச் சொல்லிவிட்டால் நஷ்ட ஈடு கிடையாது. சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாமல் ரத்து செய்தால் பறக்கும் நேரத்தைப் பொறுத்து 5,000, 7,500, 10,000 ரூபாய் வரை, அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, எது குறைவோ அது. இதிலும் ஒரு பொடி வைத்திருக்கிறார்கள்: முன்பதிவில் சரியான தொடர்பு எண் கொடுக்காத பயணிக்கு நஷ்ட ஈடு இல்லை. ஏஜென்டின் நம்பர் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இன்றே உங்கள் போன் நம்பரையும் மெயிலையும் பிஎன்ஆரில் சேர்த்துவிடுங்கள். பணத்துக்குப் பதிலாக 'கிரெடிட் ஷெல்' என்று கணக்கில் போட்டு வைப்பதும் உங்கள் விருப்பம்தான், அவர்களாகத் திணிக்க முடியாது. ஏஜென்டிடம் வாங்கியிருந்தாலும் பணத்தைத் திருப்பும் பொறுப்பு விமான நிறுவனத்துடையதே. மசியவில்லை என்றால் மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் போடலாம்.

இன்னொன்று. மூன்று மணி நேர மாற்றத்தைவிட முப்பது நிமிட மாற்றம்தான் ஆளைக் கவிழ்க்கும். என் மாமனாரின் விமானம் வெள்ளி இரவு 11.50 என்பதிலிருந்து 12.25 ஆனது. தேதி சனிக்கிழமை என்று மாறிவிட்டது. அவர் வீட்டில் சொன்னது, "ஒரு நாள் தள்ளிப் போட்டுட்டான்." சனிக்கிழமை இரவு பெட்டியோடு போய் நின்றார். விமானம் போய் 22 மணி நேரம் ஆகியிருந்தது. ஏறாதவர் என்று பதிவானதால் திரும்பி வரும் டிக்கெட்டும் சேர்ந்து போனது. நம் ஊரில் விடியும்வரை அது முந்தின நாள் ராத்திரிதான், விமானக்காரனுக்கு 12 மணிக்கே மறுநாள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டரை மணி நேரம் முன்னதாக என்பது தாமதத்தைவிட மோசம், ஏனென்றால் மெயிலைப் பார்க்காதவன் விமானத்தையே விட்டுவிடுவான். நீங்கள் பார்த்துவிட்டீர்கள். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் நேரடியாகப் பறக்கின்றன. முதலில் உங்கள் நிறுவனத்திலேயே அதே நாளிலோ முன்பின் ஒரு நாளிலோ தோதான விமானம் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் மற்றவர்களின் இன்றைய விலையையும். இரண்டையும் காகிதத்தில் குறித்துக்கொண்டு, அதே மெயிலில் இலவசமாக மாற்றவோ பணம் வாங்கவோ வழி கொடுத்திருக்கிறார்களா என்று கீழேவரை படியுங்கள். பல மெயில்களில் "ஏற்கிறேன்" பெரிதாக இருக்கும், மற்ற இரண்டும் சின்ன எழுத்தில் அதற்கடியில் இருக்கும். இல்லாவிட்டால் கஸ்டமர் கேருக்குப் பேசி விமான எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

பொத்தானை அழுத்தாததால் மட்டும் பொதுவாக டிக்கெட் போய்விடாது, புது நேரத்திலேயே உங்கள் சீட் கிடக்கும். ஆனால் மெயிலில் கெடு தேதி ஏதும் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். கெடு இல்லை என்றாலும் வாரக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள். உங்களைப் போலவே மெயில் வந்த மற்றவர்களும் அந்த நல்ல நேர விமானத்தைத்தான் தேடிக்கொண்டிருப்பார்கள். புது நேரமே உங்களுக்கு ஒத்துவரும் என்றால், தாராளமாக அழுத்திவிட்டு, திருச்சிக்கு எத்தனை மணி பஸ்ஸில் ஏற வேண்டும் என்று கணக்குப் போடுங்கள்.